சேர்ந்திசையும் நம் தனிக்குரலும்

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்குக் கூட்டம் என்றாலே ஓர் ஒவ்வாமை உண்டு. கூட்டத்தின் குரல் என்றால் கோஷம், கோஷம் என்றால் கட்சி, கட்சி என்றால் கலைக்கு முடிவு என்று மூன்றே படிகளில் காரியத்தை முடித்துவிடுவோம். 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து நாம் காத்து வந்திருப்பது தனிக்குரலை. மேடைத் தமிழுக்கும் சந்தக் கவிதைக்கும் நடுவில் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது உண்மை. அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் இந்தத் தற்காப்பில் நம் காது ஒரு பக்கமாக அடைத்துப் போய்விட்டது என்பது என் எண்ணம். பலர் கூடிப் பாடுவதில் ஒரு சிருஷ்டிப் பிரச்சினை இருக்கிறது, அது கவிதையின் பிரச்சினையும் கூட என்பது நமக்குத் தோன்றவே இல்லை.

எனக்கும் தோன்றியிருக்கவில்லை. 1980களில் ஒருமுறை சென்னையில் எம்.பி. சீனிவாசனின் மெட்ராஸ் யூத் கொயர் பாடக் கேட்டேன். பாரதி பாட்டு. வெளியே வந்து நண்பரிடம், ‘நல்ல ஒழுங்கு, அணிவகுப்பு மாதிரி’ என்று சொன்னது நினைவிருக்கிறது. அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. இன்று காரைக்குடியில், தமிழ் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், இருபது பேரை வைத்துக்கொண்டு சேர்ந்திசை எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் முயன்று தோற்றுக்கொண்டிருக்கும் நிலையில், அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் சேர்ந்திசை எது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பலர் சேர்ந்து பாடுவதெல்லாம் சேர்ந்திசை ஆகிவிடாது. சினிமாவில் கதாநாயகிக்குப் பின்னால் வரும் கோரஸ் ஒரு திரைச்சீலை. அதைக் கழற்றிவிட்டாலும் பாட்டு நிற்கும். பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். அதற்கு அதன் அழகு உண்டு. ஆனால் எடுத்துக்கொடுப்பவர் ஒருவரே. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டில் நூறு பேர் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். அங்கே எண்ணிக்கை சத்தத்தைக் கூட்டுகிறது, அர்த்தத்தைக் கூட்டுவதில்லை. நான் சேர்ந்திசை என்பது, இரண்டு மூன்று குரல்பகுதிகள் தத்தம் வழியில் நகர்ந்து, எந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றவை ஊனமாகிவிடுகிற ஓர் அமைப்பை. அதில் பின்பாட்டுக்காரன் என்று யாரும் கிடையாது.

இந்த அர்த்தத்தில் தமிழில் அதைப் பிடிவாதமாகச் செய்தவர் எம்.பி.எஸ். 1925ல் பிறந்தவர். இடதுசாரிக் கலை இயக்கத்திலிருந்து வந்தவர். நிமாய் கோஷ் இயக்கி 1960ல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் பாட்டு எழுதிய படம் அது. மலையாளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களுக்கு இசை தந்தார். சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். வங்காளத்தில் 1958ல் ரூமா குஹ டாகுர்தா கல்கத்தா யூத் கொயரைத் தொடங்கியிருந்தார். சலீல் சௌத்ரியின் கை அந்தப் பக்கத்துச் சேர்ந்திசை முயற்சிகளில் எல்லாம் இருந்தது. சென்னையில் எம்.பி.எஸ். 1970களின் தொடக்கத்தில் தம் குழுவை அமைத்தார். சபைகளில் பாடி வந்தவர்களைத் தேடாமல் மாணவர்களையும் ஆபீசில் வேலை பார்ப்பவர்களையும் கொண்டு அதை வளர்த்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். நம் பத்திரிகைகளில் அவரது சினிமா இசையைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. சேர்ந்திசையை ஒரு வடிவமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்த விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை.

காரைக்குடிக்காரனுக்கு இதில் இன்னொரு கோணமும் உண்டு. பாரதி பாட்டைத் தமிழ்நாடு முழுக்கச் சினிமா வழியாகக் கொண்டுபோன ‘நாம் இருவர்’ படம் எங்கள் ஊர் தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். போட்டிருந்த ஸ்டூடியோவில் உருவாகி 1947ல் வந்தது. டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி வீடு வீடாகப் போனார். அரிய காரியம். ஆனால் அத்துடன் பாரதி ஒரு தனிப்பாடகருடைய சொத்தாகவும் ஆனார். ‘நாம்’ என்று பாரதி எழுதிய இடத்தில் ‘நான்’ பாடுகிற வழக்கம் கச்சேரியிலும் சினிமாவிலும் நிலைத்தது. எம்.பி.எஸ். செய்தது அந்த ‘நாம்’ என்ற சொல்லை இலக்கணப்படி பன்மையாக்கியதுதான். அணிவகுப்பு என்று நான் கேட்டது இதை.

இனி, தொழில்நுட்பம். நம் சங்கீதத்துக்கும் சேர்ந்திசைக்கும் ஒத்துவராது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் ஹார்மனி அந்நியம் என்பது. இது பாதி உண்மை. உண்மையான தடை கமகம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் ஸ்வரம் அல்ல. அது ஓர் அசைவு. அந்த அசைவின் அளவும் வேகமும் பாடுகிறவரின் கையொப்பம். இருபது பேர் சேர்ந்து அதைப் போட்டால் இருபது கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மைக்கறையாகிவிடும். ஒரே மாதிரி அசைக்க முடியாதா என்றால், முடியும். அதற்கு எங்கள் ஊர் வீணைச் சகோதரர்கள் சாட்சி. சுப்பராமய்யரும் (1883-1936) சாம்பசிவய்யரும் (1888-1958), ஒருவர் வீணையை நிமிர்த்தி வைத்தும் மற்றவர் கிடத்தி வைத்தும், சேர்ந்து வாசித்தார்கள். அது ஒரே இரத்தம், ஒரே வீடு, ஒரே குருகுலம், ஆயுள் முழுக்கச் சாதகம். சேர்ந்திசையின் நிபந்தனை இதற்கு நேர் எதிர். செக்காலையிலிருந்து ஒருவரும் கழனிவாசலிலிருந்து ஒருவரும் வாரத்தில் இரண்டு மாலை வந்து, முன்பின் தெரியாதவர்களாக நின்று பாட வேண்டும். அதனால் இந்த வடிவத்துக்கு எழுதுகிறவர்கள் மோகனம், ஹம்ஸத்வனி, சங்கராபரணம் என்று, ஸ்வரங்கள் பெரும்பாலும் நேராக நிற்கத் தயாராக இருக்கும் ராகங்களின் பக்கம் சாய்கிறார்கள். எம்.பி.எஸ்.ஸிடமும் இந்தச் சாய்வு உண்டு. இதை இழப்பு என்று சொல்வது நியாயம். ஆனால் இழந்ததற்கு ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்காமல் இழப்பை மட்டும் சொல்வது விமர்சனம் ஆகாது.

கிடைத்தது தமிழ். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தோற்றுத் தெரிந்துகொண்டேன். நண்பர் ஒருவரின் ஏழுவரிப் புதுக்கவிதையை, வற்றிய ஊருணியைப் பற்றியது, மூன்று குரல்பகுதிகளுக்கு எழுதினேன். முதல் வரைவில் மெட்டு நன்றாக இருந்தது. பாடச் சொன்னபோது ஒரு சொல்லும் விளங்கவில்லை. குற்றம் பாடியவர்களுடையது என்று ஒரு மாதம் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நான் ‘ரு’வுக்கு இரண்டு அட்சரம் கொடுத்திருந்தேன். ‘ஊரூணி’ என்று ஒரு சொல் தமிழில் கிடையாது. நம் மொழியில் குறிலும் நெடிலும் ஓசை நயத்துக்காக இருப்பவை அல்ல, அர்த்தத்தைத் தாங்குபவை. விடு வேறு, வீடு வேறு. கல் வேறு, கால் வேறு. கீர்த்தனையிலும் சினிமாப் பாட்டிலும் இந்த எல்லையைத் தினமும் மீறுகிறோம். தனிப்பாடகர் வரியைத் திரும்பத் திரும்பப் பாடிச் சொல்லைச் சீர்செய்துவிடுவார், கேட்பவரும் ஊகித்துக்கொள்வார். ஒரு பகுதி ஒரு சொல்லிலும் இன்னொரு பகுதி வேறொரு சொல்லிலும் இருக்கும்போது ஊகத்துக்கு இடமே இல்லை. ஆக, தமிழில் சேர்ந்திசை எழுதுகிறவன் முதலில் எண்ண வேண்டியது மாத்திரைகளை. நெடில் எங்கே வருகிறதோ அங்கே ஒரு பகுதி நிற்கலாம்; அது நிற்கும்போது மற்றொரு பகுதி தன் குறில்களோடு நடந்துவிடலாம். யாப்பு படித்தவனுக்கு இதில் புதிது எதுவும் இல்லை. மேல்நாட்டில் ஆர்வோ பார்ட் என்ற எஸ்தோனியர் 1976க்குப் பிறகு கண்ட முறையில் சொல்லில் எத்தனை அசை என்பதே மெட்டின் நடையைத் தீர்மானிக்கிறது. அந்த முறைக்கு நம் மொழியைவிடப் பொருத்தமான மொழி இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது, சொல்லின் முடிவு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. உயிரில் முடியும், அல்லது ம், ன், ண் என்ற மூக்கொலியிலோ, ல், ள், ழ், ர், ய் போன்ற இடையினத்திலோ முடியும். ஆங்கிலத்தில் பாடும் குழுக்கள், சொல் கடைசியில் வரும் ‘ட்’டையும் ‘ஸ்’ஸையும் முப்பது பேரும் ஒரே கணத்தில் முடிக்க வேண்டும் என்பதற்காகவே மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. ‘வானம்’ என்பதன் கடைசி ம் ஒரு ரீங்காரமாக மாறி, அடுத்த பகுதி தன் சொல்லைத் தொடங்குகிற வரைக்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கலாம். தம்பூராவை வெளியே தேட வேண்டாம். அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஹார்மனி அந்நியம் என்று விவாதித்துக்கொண்டிருந்த நாம் நம் மெய்யெழுத்துக்களைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஆச்சி. நாங்கள் பயிற்சி செய்வது அவர் வீட்டு வளவில். செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு வளவு தெரியும். நடுவில் வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள். பட்டாலையில் பாடினால் எதிரொலி எல்லாக் குற்றங்களையும் மூடிவிடும். வளவில் குரல் மேலே போய்விடுகிறது. பாடினது பாடினபடி தெரியும். எண்பது வயதைத் தாண்டிய அந்த ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்து தினமும் கேட்பார். முதல் வாரம், “என்ன வாத்தியாரே, ஆளுக்கொரு பக்கம் இழுக்குறீக?” என்றார். பகுதிகள் வேறு வேறு நேரத்தில் நுழைவதை நான் விளக்கத் தொடங்கியதும் கையை அமர்த்திவிட்டு, “இதுல என்ன அதிசயம்? எழவு வீட்டுல நாங்க இப்படித்தானே. ஒருத்தி மூச்சு வாங்குற எடத்துல இன்னொருத்தி புடிச்சுக்குவோம். அவவ கதைய அவவ சொல்லுவா. அழுக மட்டும் ஒண்ணா இருக்கும்” என்றார்.

ஒப்பாரியை நாம் சொற்களாகத்தான் தொகுத்திருக்கிறோம். ஒருத்தி பாடினதாக எழுதி அச்சிடுகிறோம். தோள்மேல் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து ஐந்தாறு பெண்கள், ஏறக்குறைய ஒரே மெட்டில், ஆளுக்கொரு சொல்லைத் தத்தம் மூச்சின் அளவில் ஒரே சமயத்தில் பாடுவதை அச்சு காட்டாது. அந்த நிகழ்வில் இருப்பது நிஜமான பல்குரல் அமைப்பு. கணவனைச் சொல்லி அழுகிறாள் ஒருத்தி. இருபது வருஷத்துக்கு முன் போன பிள்ளையைச் சொல்லி அழுகிறாள் பக்கத்தில் இருப்பவள். இரண்டு துக்கமும் ஒன்றையொன்று கலைக்கவில்லை. ஹங்கேரியரான லிகெட்டி 1966ல் ‘லக்ஸ் எட்டெர்னா’ என்ற சேர்ந்திசையைப் பதினாறு தனிக்குரல்களுக்கு எழுதினார். ஒரே ஸ்வர வரிசையை ஒவ்வொரு குரலும் வெவ்வேறு கால அளவில் பாடிப் போக, மெட்டு மறைந்து ஒரு மேகம் மிஞ்சும். நவீன சங்கீதத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள், தகும். அதன் வித்து எங்கள் இழவு வீடுகளில் இருந்தது என்று மார்தட்ட நான் வரவில்லை. வித்து இருந்தும், அதை எழுத்தில் கொண்டுவந்து ஒரு வடிவமாக ஆக்கும் பிரக்ஞை நமக்கு இல்லாமல் போயிற்று என்பதே நான் சொல்ல வந்தது. எம்.பி.எஸ்.ஸிடம் என் குறையும் இங்கேதான். அவர் கூட்டத்தை நடத்துகிறபோது உச்சத்தில் இருக்கிறார். தாளம் சதுரமாக, அடி எடுத்து வைப்பதாக இருக்கிறது. கூட்டம் துக்கப்படும்போது அது நடப்பதில்லை, தளும்புகிறது. அந்த இடத்துக்கான இசை இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

சொல்லிக்கொடுப்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சிறுவயதில் ஆண்டு விழாப் பாட்டில் என்னை நிறுத்திவைத்து, ‘நீ வாயை மட்டும் அசை’ என்றார்கள். சுருதி சேரவில்லையாம். நம்மில் பலருக்கும் இது நடந்திருக்கும். ஐம்பது வருஷம் கழித்து என் குழுவில் ஒரு பையன். லேத்துப் பட்டறையில் வேலை. நேரத்துக்கு வருவான், சொல்லை மறக்க மாட்டான், சுருதியில் நிற்க மாட்டான். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு முன்னால், எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளை அவனுக்குச் சொன்னேன். தலையாட்டினான். வாயை மட்டும் அசைத்தான். மறு வாரம் வரவில்லை.

சில நாள் கழித்துப் பழைய பயிற்சி ஒன்றின் ஒலிப்பதிவைச் செல்போனில் கேட்டபோது அவன் குரலைத் தனியாகக் கவனித்தேன். அவன் அலையவே இல்லை. குழுவில் பெண்கள் அதிகம் என்பதால் ஐந்து கட்டையில் சுருதி வைத்திருந்தேன். அவன் குரல் நிற்கும் இடம் ஒரு கட்டை. நாங்கள் ஸட்ஜத்தில் நின்றபோதெல்லாம் அவன் அதற்குக் கீழே, தன் இடத்தில், நேராக நின்றிருக்கிறான். எங்கள் கணக்கில் அது கீழ் மத்யமம், அபஸ்வரம். அவன் நின்ற இடத்தை ஸட்ஜம் என்று வைத்துக் கேட்டால் நாங்கள் இருபது பேரும் அவனுக்குப் பஞ்சமம் பாடிக்கொண்டிருந்தோம். மெட்டு முழுக்க அப்படியே இணையாக வந்திருக்கிறான். நான் இரண்டாம் குரல்பகுதியைத் தேடிக்கொண்டிருந்த மாதங்களில் அது பின்வரிசையில் பாடிக்கொண்டிருந்தது.

1941ல் ஹங்கேரியில் ஸோல்தான் கோடாய் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி நூல் எழுதினார். அதன் அடிப்படை எளியது: சுருதியை வாத்தியத்திலிருந்து கற்க முடியாது, இன்னொரு குரலிலிருந்துதான் கற்க முடியும், ஆகவே தொடக்கத்திலிருந்தே இரண்டு குரலில் பாடு. அதைப் படித்திருந்தேன். ஹார்மோனியத்தின் மேல் கை வைத்துக்கொண்டே படித்திருந்தேன் போலும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005) இதையே வேறு பக்கத்திலிருந்து கேட்டார். கர்நாடக ராகத்துக் கீர்த்தனைகளை விட்டு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தவர் அவர். கிராமத்து ஜனங்கள் பாட்டைத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிப் பாடினால் அது பிழையல்ல, மறுசிருஷ்டி என்று கருதியவர். யாருடைய அளவுகோலால் யாருடைய குரல் அபஸ்வரம் என்பது சாதியைப் பற்றிய கேள்வியும் கூட என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது ஓர் ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு தெரிந்தது.

பட்டறைக்குப் போனேன். “இல்ல சார், எனக்கு வராது. நீங்க சொன்னது சரிதான்” என்றான். தவறு என்னுடையது என்று சொன்னதை அவன் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. ஒரு குரலை மௌனமாக்குவதற்கு ஒரு வாக்கியம் போதும். திரும்ப வரவழைக்க எத்தனை வாக்கியம் வேண்டும் என்று தெரியவில்லை. ஊருணிப் பாட்டில் இப்போது கீழ்ப்பகுதி ஒன்று இருக்கிறது. அவன் பாடின உயரத்திலேயே எழுதியிருக்கிறேன். வேறு இருவர் பாடுகிறார்கள். சரியாகத்தான் பாடுகிறார்கள்.

மீண்டும் நம்மிடம் வருகிறேன். தனிக்குரலைக் காப்பதற்காக நாம் கவிதையைப் பாட்டிலிருந்து பிரித்தோம். பிரித்தது சரி. ஆனால் விளைவு என்ன? தமிழில் சேர்ந்திசை எழுத வருகிறவன் இன்றைக்கும் பாரதியிடமும் பாரதிதாசனிடமும் போய் நிற்கிறான். அதற்குப் பின்வந்த கவிதை பாட முடியாதது என்று அவனும் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். நான் கண்டது இதற்கு மாறாக இருக்கிறது. சந்தக் கவிதைக்கு ஏற்கெனவே ஒரு தாளம் இருப்பதால் எல்லாக் குரலும் அந்த ஒரே தாளத்தில் மாட்டிக்கொள்கின்றன. பேச்சின் நடையில், வாக்கியத்தின் மூச்சில் எழுதப்பட்ட புதுக்கவிதைதான் குரல்களைத் தனித்தனியே நகர விடுகிறது. இந்த வடிவத்தில் தனிக்குரல் அழிவதில்லை. தன் பகுதியைத் தான் சுமக்காவிட்டால் அடுத்தவனுக்கு நிற்க இடம் இல்லை என்ற பொறுப்பு அதன்மேல் விழுகிறது. தனிக்குரலுக்கு இதைவிடக் கடுமையான சோதனையை நம் பத்திரிகைகள் வைத்ததாகத் தெரியவில்லை.

இது ஒரு வாத்தியாரின் ஆசை, விமர்சனம் அல்ல என்று நண்பர்கள் எழுதலாம். எழுதட்டும். எழுதுவதற்கு முன் தம் கவிதை ஒன்றை மூன்று பேரை வைத்து, ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்தவர் தொடங்குகிற மாதிரி, உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கும்போது யாரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்ல வேண்டாம்.